அக்காவின் எடைக்கு உப்பு

என்னோடு பள்ளிக்கூடத்தில் பெஞ்சு தேய்த்தவர்களே, பேரன் பேத்தி எடுத்த கிழடுகளே, ஒரு வாரமாக நம் வாட்ஸப் குழுவில் நடக்கிற சண்டையை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்தாலும் வந்தது, யாருக்கும் தூக்கமில்லை. 'நம்ம சபைக் காலேஜ்னா ஒழுக்கமா வளரும்' என்கிறாள் ஒருத்தி. 'பொதுக் காலேஜ்னாத்தான் நாலு பேரோட பழகத் தெரியும், வேலையும் கிடைக்கும்' என்கிறார் இன்னொருத்தர். என் பேத்தியும் இந்த வருஷம் முடித்திருக்கிறாள். மகள் ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம், அவள் என்ன படிக்கக் கேட்கிறாள் என்ற பேச்சே இல்லை. என்னைத்தான் நடுவராகப் போட்டிருக்கிறார்கள். 'எல்லாத்துக்கும் வாயடிப்பியே, இதுக்கு மட்டும் ஏன் பேசாம இருக்க?' என்று நேற்று ஒருத்தி கேட்டிருந்தாள். கட்டைவிரலை அமுக்கிவிட்டு நகர்கிற விஷயமாக இது எனக்கு இல்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். அகரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம், திண்டுக்கல்லில் அந்தோணியார் கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. அப்பா விதைத்தது சின்ன வெங்காயம். அறுத்த வெங்காயத்தைக் காற்றாடக் கொட்டி வைக்க வீட்டுக்குப் பின்னால் மூங்கில் பட்டறை போட்டிருந்தார். எங்கள் பாவாடை, பாய், ஜெபப் புத்தகம் எல்லாவற்றிலும் வெங்காய வாடை அடிக்கும். பூசைக்குப் போனால் பக்கத்தில் மண்டி போடும் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். பட்டறைக்கு முன்னால் ஒரு பெரிய தராசு தொங்கும், இரும்புச் சங்கிலி, இரண்டு பக்கமும் பலகை. வேலை இல்லாத நேரத்தில் அதுதான் எனக்கு ஊஞ்சல்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். அவளிடம் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. பள்ளிக்கூடத்து விஞ்ஞான டீச்சர் மாற்றலாகிப் போகும்போது கொடுத்தது. பித்தளை வளையம், பிடி உடைந்து அதில் அக்கா ஒரு கருவேலங் குச்சியைச் செருகியிருந்தாள். வெங்காயத் தாளில் திருகல் நோய் விழுந்தால் அப்பா மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொள்ளாத குறையாக நிற்பார். அக்கா குனிந்து கண்ணாடியை வைத்துப் பார்ப்பாள். "இது சாபம் இல்லப்பா, ஒரு பூஞ்சாணம். இதுக்குன்னு படிப்பு இருக்கு" என்பாள். அவளுக்கு வேண்டியது அந்தப் படிப்புதான். சின்னாளப்பட்டிப் பக்கம் ஒரு காலேஜில் செடி, மண், பூச்சி எல்லாம் சொல்லித் தருகிறார்கள் என்று அந்த டீச்சரே சொல்லிவிட்டுப் போயிருந்தார். மதம், சாமி என்று எதுவும் இல்லாத காலேஜ். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற இடம்.

அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் பி.யு.சி. படிக்கவே காலேஜுக்குப் போக வேண்டும். பேப்பரில் அக்காவின் நம்பர் வந்தது. அப்பா தெருவெல்லாம் சீனி மிட்டாய் கொடுத்தார். அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"புள்ள சிஸ்டர்மார் காலேஜுக்குத்தான் போகணும். வேற பேச்சு வேணாம்."

"அங்க இவ கேக்குற படிப்பு இல்லையே" என்றார் அப்பா.

"இல்லாட்டி என்ன, இருக்கறதப் படிக்கட்டும். அவ நம்ம புள்ள இல்ல. அந்தோணியார் புள்ள."

அம்மா அதுவரை மூடி வைத்திருந்ததை அன்றைக்குத்தான் திறந்தாள். அக்காவுக்கு ஆறு மாதத்தில் ஜன்னி வந்து கண் மேலே செருகிவிட்டதாம். வைத்தியர் கையை விரித்துவிட்டார். அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அந்தோணியார் சுரூபத்தின் காலடியில் கிடத்தி, 'உமக்கு வித்துட்டேன்' என்று சொல்லிவிட்டாள். அதில் ஒன்றும் புதுமை இல்லை, நம் பக்கத்தில் பலரும் செய்வதுதான். பிள்ளை பிழைத்ததும் தாய்மாமன் வந்து, அதன் எடைக்கு எடை கல்லுப்பு வைத்து, சாமியிடமிருந்து வாங்கித் தாய் மடியில் போட வேண்டும். பெற்றவர்கள் வாங்கக் கூடாது, விற்றவர்களே எப்படி வாங்குவது? தாய்மாமன்தான் மீட்க வேண்டும்.

எங்கள் மாமாவும் வந்திருக்கிறார். பழனிப் பக்கம் பாலசமுத்திரத்திலிருந்து, தோளில் உப்பு மூட்டையோடு. அன்றைக்குக் கோயிலில் அசனம், ஊருக்கே பந்திச் சாப்பாடு. அப்பா தன் பக்கத்து மாப்பிள்ளைகளை முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டு, மாமாவை 'செத்த நேரம் இருங்க மச்சான்' என்று நிறுத்தி வைத்துவிட்டார். மாமா செத்த நேரம் இருக்கவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்தே இல்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டது, அப்பா அதை அத்தோடு மறந்துவிட்டார். அம்மா மறக்கவில்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அக்காவைத் தனியாக அந்தோணியார் முன்னால் நிறுத்திக் கும்பிட வைப்பாள். அக்காவுக்கு மட்டும் ஏன் என்று எனக்குப் பொறாமையாக இருக்கும். ஏன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்பா சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு தங்கை இருந்தாள், எங்கள் அத்தை. சிஸ்டராகி வடக்கே எங்கேயோ காட்டு ஊருக்கு அனுப்பப்பட்டு, காய்ச்சலில் செத்து, அடக்கம் எல்லாம் முடிந்த பிறகுதான் வீட்டுக்குத் தகவல் வந்தது. அப்பா அந்த முகத்தைக் கடைசியாகக் கூடப் பார்க்கவில்லை.

"காலேஜுன்னு சொல்லி மடத்துக்குள்ள தள்ளப் பாக்குறியா? ஒண்ண வாரிக் குடுத்தாச்சு. இவள விட மாட்டேன்" என்றார்.

"நீங்க விடாட்டி? சாமி சொத்த வச்சிக்கிட்டு வெளிக் காலேஜுக்கு அனுப்புவீங்களோ? போற வழியில பஸ்ஸு கவுந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அம்மா மிரட்டுவதற்காக அதைச் சொல்லவில்லை. பயந்துதான் சொன்னாள். இரண்டு பேரும் பயந்துபோனவர்கள், பாவம். ஒருவர் பயத்துக்குச் சபைக் காலேஜ் மருந்து, இன்னொருவர் பயத்துக்குப் பொதுக் காலேஜ் மருந்து. நடுவில் அக்கா ஈரக் கையோடு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா அடுப்புப் பக்கம் போவதை நிறுத்தினாள். வெஞ்சனம் இல்லாத வெறும் சோற்றை அக்கா வடித்துப் போட்டாள். தெருவில் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். 'நம்ம காலேஜ் இங்கனக்குள்ள இருக்க, அங்க ஏன் போகணும்?' என்றார் கோயில் உபதேசியார். 'அங்க போன புள்ளைக ஜெபத்த மறந்துரும்' என்றார்கள். காலேஜ்களில் இடம் நிரம்பிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னையும் கையில் பிடித்துக்கொண்டு பழனி பஸ் ஏறினார். சின்னப் பிள்ளை கூட இருந்தால் மாமா கதவைச் சாத்த மாட்டார் என்று கணக்குப் போட்டிருப்பார்.

மாமா கதவைச் சாத்தவில்லை. வாசலில் தென்னை மட்டை பின்னிக்கொண்டிருந்தவர் எழுந்து, "வாங்க மாப்ளை, உள்ள வாங்க" என்றார். அந்த மரியாதைதான் பயமாக இருந்தது. மாமா பெண்சாதி, பாலசமுத்திரத்து அத்தை, இளநீர் கொடுத்தாள். அப்பா குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

"நான் செஞ்சது தப்புத்தான் மச்சான். அன்னைக்கி ஒங்கள மொதப் பந்தியில உக்கார வச்சிருக்கணும்."

"பந்தியா? அதெல்லாம் ஆருங்க இப்ப நெனச்சுக்கிட்டிருக்கறது" என்றார் மாமா. பிறகு, அந்தப் பந்தியில் யார் யார் எந்த வரிசையில் உட்கார்ந்தார்கள் என்று ஒரு பெயர் விடாமல் சொன்னார். எங்கள் அப்பா அத்தனை வருஷத்து அகங்காரத்தையும் அந்த வாசலில் இறக்கி வைத்துவிட்டு, தலையைக் குனிந்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

"மீக்கறதுன்னா மீட்டுடலாமுங்க. பொறந்த குழந்தையின்னா மீட்டு எந் தங்கச்சி மடியில போட்டிருப்பேன். இப்ப அவ வயசுக்கு வந்த புள்ள. நான் குடுத்து வாங்குனா, அப்பறம் அவ எங்க வீட்டுப் புள்ளதானுங்களே? பையனும் இருக்கறான்."

அப்பா இளநீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "படிப்பு முடியட்டும் மச்சான். பெறகு பாத்துக்குவோம்" என்றார். மாமா சிரித்தார். அப்பா சொன்னது, சரி என்று ஒத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றியது. அப்பாவுக்கு அது தள்ளிப் போட்டதாகத் தோன்றியிருக்கும். மாமாவுக்கு என்ன தோன்றியது என்பது அடுத்த செவ்வாய்க்கிழமை தெரிந்துவிட்டது.

கைப்பிள்ளைக்கு உள்ள தராசில் பதினாறு வயதுப் பெண்ணை எப்படி நிறுப்பது? அப்பா எங்கள் வெங்காயத் தராசையே கழற்றிக்கொண்டு வந்து, கோயில் வாசல் வேப்பமரத்தில் தொங்கவிட்டார். நவநாள் ஜெபம் முடித்து வந்த கூட்டம் முழுக்க வேடிக்கை பார்க்க நின்றுவிட்டது. பங்குச் சாமியாருக்கு இதெல்லாம் பிடிக்காது. அவர் பார்க்காத மாதிரி அறைக்குள் போய்விட்டார். அக்கா அரக்குத் தாவணி கட்டியிருந்தாள். காலேஜ் போனால் கட்டலாம் என்று எடுத்தது. "இத முடிச்சுட்டா நீ சின்னாளப்பட்டிப் பக்கம் போயிரலாம். அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா" என்று அப்பா சொல்லியிருந்ததால்தான் அவள் பலகையில் ஏறவே சம்மதித்தாள்.

"கையில இடுப்புல இருக்கறதயெல்லாம் எறக்கி வச்சிரு தாயி, எடை சரியா வரணும்" என்றார் உபதேசியார். அக்கா இடுப்பில் செருகியிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக் கோயில் படியில் வைத்தாள். வெங்காய மூட்டை ஏறுகிற பலகையில் கால்களைச் சேர்த்து உட்கார்ந்து, சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். எதிர்ப் பலகையில் மாமா உப்பைக் கொட்டக் கொட்ட அவள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பினாள். கூட்டத்தில் யாரோ, 'ஏலே, புள்ள நல்ல கனந்தான்' என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்காவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

முள் நேரே நின்றதும், "யாரு வாங்குறது?" என்று உபதேசியார் கேட்டார். "தாய்மாமன்" என்றார் மாமா. அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். வருஷக்கணக்காகச் சுமந்த பாரம் இறங்கிவிட்டதே என்ற அழுகை. அப்பா அம்மாவின் தோளில் கையை வைத்தார். பொது இடத்தில் அப்பா அம்மாவைத் தொட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அன்று சாயங்காலமே பாலசமுத்திரத்து அத்தை எங்கள் வீட்டுக் கூடத்தில் அக்காவைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்து, தலை நிறைய மல்லிகை வைத்தாள். கையில் கண்ணாடி வளையலை ஏற்றினாள். "மருமகளே, காலேஜெல்லாம் எதுக்குங்க கண்ணு? தை பொறந்தா முடிச்சுப் போடலாம்" என்றாள். மாமா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா தராசைத் திரும்ப மாட்டப் பட்டறைப் பக்கம் போய்விட்டார்.

அவர்கள் பஸ்ஸுக்குப் போன பிறகு அக்கா கேட்டாள், "அப்பா, இது ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னாருத்தா. நான் ஒண்ணும் வாக்குக் குடுக்கல. படிப்பு முடியட்டும்னுதான்..."

"தெரிஞ்சுதான் ஏத்துனீங்களா அந்தப் பலகையில?"

அக்கா வளையலை ஒவ்வொன்றாகக் கழற்றி சுவரோரம் வைத்தாள். "அந்தோணியார்கிட்ட இருந்த வரைக்கும் இந்த வீட்டுலயாவது இருந்தேன்" என்றாள். அவ்வளவுதான், சண்டை எதுவும் போடவில்லை. பிறகு அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு கோயில் படிக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். இரண்டு பேரும் படிப்படியாகத் தடவிப் பார்த்தோம். பூதக்கண்ணாடி இல்லை.

காலையில் அவளே அம்மாவை எழுப்பி, "வாங்கம்மா, சிஸ்டர்மார் காலேஜுல சேத்து விடுங்க, ஆஸ்டல்ல இருந்துக்கிறேன்" என்றாள். அங்கே அப்போது விஞ்ஞானப் பிரிவு இல்லை, சரித்திரப் பிரிவில் சேர்ந்தாள். அம்மா கேட்ட காலேஜ் கிடைத்தது, அப்பா பயந்ததும் நடந்தது. பி.யு.சி. முடிகிற சமயம் மாமா இரண்டு தடவை வந்து தேதி கேட்டார். அக்கா மடத்திலேயே சேர்ந்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். காலேஜ் படிக்கிற பெண்ணை மருமகளாகக் கேட்கலாம், மடத்துக்குள் போன பெண்ணை யாரும் கேட்க முடியாதில்லையா? அவளுக்குத் தேவ அழைத்தல் வந்திருக்கிறது என்று ஊரில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். வந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அவள் எந்த வாசலை மூடுவதற்காக எந்த வாசலுக்குள் போனாள் என்பது மட்டும்தான்.

நம் அம்மாக்களை நாம் எப்போதும் ஒரே மாதிரி நினைத்துக்கொள்கிறோம், ஜெபமாலையும் கையுமாக. அக்கா முடியை வெட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு வந்த அன்று, எங்கள் அம்மா பட்டறைக்குள் போய் வெங்காயத்துக்கு நடுவில் உட்கார்ந்து, "குடுத்தேந்தான். எடுத்துக்கிருவாருன்னு நான் நெனைக்கலையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வெங்காயம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் அவள் கோயிலுக்குப் போகவில்லை.

அப்பாவுக்குத்தான் கடைசியாக ஒரு யோசனை வந்தது. அதை யோசனை என்று சொல்வதா என்ன சொல்வதா தெரியவில்லை. ஐப்பசி மழை பிடித்திருந்த நேரம். அக்காவை வடக்கே அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டார். மறுநாள் கை வண்டியில் ஒரு மூட்டை கல்லுப்பை ஏற்றி, மேலே சாக்கைப் போட்டு மூடி, அவரே இழுத்துக்கொண்டு மடத்துக்குப் புறப்பட்டார். நான் பின்னால் குடையோடு போனேன். பெற்றவன் வாங்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் போனார்.

கேட்டைத் திறந்த சிஸ்டர் வண்டியைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து, "காணிக்கையாங்கய்யா? சமையல்கட்டுப் பக்கம் எறக்கச் சொல்லட்டுமா?" என்றார்.

"இல்லம்மா. மீக்க வந்திருக்கேன்."

அவருக்கு என்ன புரியும்? அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். அக்கா வராந்தா ஓரத்தில் வந்து நின்றாள். வெள்ளை உடுப்புக்குள் தோள் எலும்பு தெரிந்தது, கழுத்து சிறுத்துப் போயிருந்தது. அப்பா சாக்கை விலக்கி, மழையில் நனைய நனைய உப்பைக் காட்டினார்.

"ஒன் எடைதான் தாயி. இந்த ஒரு வருசத்துல நீ வளந்திருப்பேன்னு கூடவே கொஞ்சம் போட்டிருக்கேன். வந்துரு. மாமா வீடும் இல்ல, மடமும் இல்ல. நீ கேட்ட காலேஜுக்கே போ. நான் கொண்டுபோய் விடுறேன்."

அக்கா படியிறங்கி வந்தாள். மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போனாள், கண்ணாடி இருந்தால் பார்ப்பாளே, அப்படி.

"இம்புட்டு வேணாம்ப்பா" என்றாள். "நான் இம்புட்டு இல்ல."

அப்பா வண்டியின் சக்கரத்தில் சாய்ந்து அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் குடையை அவருக்குப் பிடிப்பதா உப்புக்குப் பிடிப்பதா என்று தெரியாமல் நின்றேன். அக்கா உள்ளே போய்விட்டாள். மூட்டையைத் திருப்பி இழுத்துக்கொண்டு வர அப்பாவுக்குத் தெம்பில்லை. சிஸ்டர்மார் ஆள் விட்டு இறக்கிக்கொண்டார்கள், அந்த வருஷம் அவர்களுக்கு ஊறுகாய்க்கு உப்பு வாங்குகிற வேலை இருந்திருக்காது. அடுத்த மாதம் அக்காவை ரயிலேற்றினார்கள்.

எனக்குக் காலேஜ் வயது வந்தபோது வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கே சேர்ந்தேன் என்று அப்பா கேட்டது மூன்றாம் வருஷத்தில்தான். அவரும் போய்ச் சேர்ந்தார், அம்மாவும் போனாள். பட்டறை இருந்த இடத்தில் மாடி வீடு வந்துவிட்டது. தராசை யார் எடுத்துக்கொண்டு போனார்களோ.

அக்கா இன்னும் வடக்கேதான் இருக்கிறாள். வயதானவர்களுக்கான மடத்தில். தமிழ் பேசி நாளாகி வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசுகிறாள். போன வாரம் போனில் பேத்தி விஷயத்தைச் சொன்னேன். சபைக் காலேஜா, பொதுக் காலேஜா, மகளும் மருமகனும் என் பிராணனை வாங்குகிறார்கள், நீ ஒரு வார்த்தை சொல், நீ சொன்னால் கேட்பார்கள் என்றேன்.

"எடை போடும்போது படியில கண்ணாடிய வச்சேனே, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"இருக்குக்கா."

"கெடச்சுச்சா?"

"இல்லக்கா."

"நல்லாத் தேடிப் பாரு" என்றாள் அக்கா.